கிணற்றுக்குள்ளிருந்து ஒரு பார்வை

ஜப்பானியத் திகில் படம் எதையும் முழுதாகப் பார்த்திராதவர்களுக்கும் இந்தக் காட்சி தெரிந்திருக்கும். ஓர் ஆண் தன் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். அறையிலிருக்கும் தொலைக்காட்சிப் பெட்டி தானாக உயிர்பெறுகிறது. திரையில் மரங்களுக்கு நடுவே ஒரு பாழுங்கிணறு. அதற்குள்ளிருந்து வெள்ளை உடை உடுத்த பெண்ணொருத்தி ஏறி வருகிறாள். கூந்தல் முன்பக்கமாக விழுந்து முகத்தை முழுக்க மூடியிருக்கிறது. முறுகிய நடையில் நெருங்கி நெருங்கி வந்தவள், திரைக்கண்ணாடியைத் தாண்டி அறையின் தரையில் ஊர்கிறாள். ஹிடியோ நகாதா இயக்கி 1998 ஜனவரி 31 அன்று வெளியான ‘ரிங்’ படத்தின் உச்சக்காட்சி இது.

கோஜி சுசுகி எழுதிய மூல நாவலில் இந்தக் காட்சி கிடையாது. அந்தப் பெண், சதாகோ, நாவலின் எந்தப் பக்கத்திலும் தொலைக்காட்சியிலிருந்து வெளியே வருவதில்லை. அங்கே அந்த ஆண், ரியூஜி தக்காயாமா, இறப்பது வேறு விதமாக. இரவு. எழுதிக்கொண்டிருந்தவருக்கு ஏதோ நெருங்குவது உடம்பில் உறைக்கிறது. மாணவி மாய் தகானோவைத் தொலைபேசியில் அழைக்கிறார். கண்ணாடியில் தெரியும் தன் முகம் நூறு வருடம் மூப்படைந்து கிடப்பதைப் பார்க்கிறார். மறுமுனையில் மாய்க்குக் கேட்பது ஓர் அலறல் மட்டுமே. கொலைகாரியின் உருவம் இல்லை, கிணறு இல்லை, கூந்தல் இல்லை.

ஒரு தழுவலைப் பற்றிப் பேசும்போது எது விடுபட்டது, எது சேர்ந்தது என்று பட்டியல் போடுவது வழக்கம். ‘ரிங்’ விஷயத்தில் அந்தப் பட்டியல் மிக நீளமானது, ஆனாலும் முக்கியமான மாற்றம் அதற்குள் அகப்படாது. பார்வையின் திசை மாறிவிட்டது என்பதே நான் சொல்ல வருவது. நாவலில் வாசகர் சதாகோவின் கண்களுக்குப் பின்னால் நிறுத்தப்படுகிறார். படத்தில் அவள் எதிரே நிறுத்தப்படுகிறார். படத்தின் மகத்தான வெற்றியும், அது சதாகோவுக்கு இழைத்த அநீதியும் இந்த ஒரே இடத்திலிருந்து பிறந்தவை.

நாவல் 1991இல் கடோகவா பதிப்பகத்தின் வெளியீடாக வந்தது. சுசுகி 1957இல் ஹமமாட்சுவில் பிறந்தவர். கெய்யோ பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படித்தவர். மனைவி வேலைக்குப் போக, வீட்டிலிருந்து பெண்குழந்தைகளை வளர்த்துக்கொண்டே எழுதியவர். இந்தத் தகவல் பிறகு தேவைப்படும். ‘ரிங்’ பேய்க்கதையின் உடையில் வந்தாலும் அதன் எலும்புக்கூடு துப்பறியும் நாவலுடையது. தொடக்கம் அப்படித்தான். வெவ்வேறு இடங்களில் நான்கு இளைஞர்கள் ஒரே நாளில், ஒரே நேரத்தில், மாரடைப்பில் சாகிறார்கள். அவர்களில் ஒருவன் சிக்னலில் நின்றுகொண்டிருந்த மோட்டார் சைக்கிள்காரன். தலைக்கவசத்தைக் கழற்றப் போராடிக்கொண்டே விழுந்து இறந்தவன். அதைக் கண்ணால் கண்ட டாக்ஸி ஓட்டுநர், தன் வண்டியில் ஏறிய பத்திரிகையாளர் அசகாவாவிடம் பேச்சுவாக்கில் சொல்கிறார். இறந்த நால்வரில் ஒருத்தி அசகாவாவின் மனைவிக்கு அக்காள் மகள். தற்செயலாகக் கிடைத்த இந்த இரண்டு இழைகளையும் அவர் முடிச்சுப் போடும்போது நாவல் ஓடத் தொடங்குகிறது.

நால்வரும் ஒன்றாகத் தங்கியது தெற்கு ஹாகோனேயில் ஒரு மரவீட்டில், எண் பி-4. அங்கே ஒரு வீடியோ கேசட் இருக்கிறது. பார்த்தவர் ஒரு வாரத்தில் இதே நேரத்தில் இறப்பார் என்று கேசட்டே எழுத்தில் அறிவிக்கிறது. தப்பிக்க வேண்டுமானால் செய்ய வேண்டியது என்னவென்று தொடங்குகிறது அடுத்த வரி. அந்த இடத்தில் சட்டென ஒரு கொசுவர்த்தி விளம்பரம் குறுக்கிடுகிறது. இளைஞர்கள் விளையாட்டாக மேலே பதிவு செய்து விடையை அழித்திருக்கிறார்கள். சுசுகியின் கதையமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சாபம் கறாரானது, ஆனால் நியாயமானது. வழியைச் சொல்லித்தான் மிரட்டுகிறது. வழியை அழித்தது மனிதர்களின் அலட்சியம்.

நகாதாவின் படத்தில் கேசட் எதையும் அறிவிப்பதில்லை. ஒரு வாரக் கெடு பள்ளிப் பிள்ளைகள் பேசிக்கொள்ளும் வதந்தியாக வருகிறது, பிறகு தொலைபேசி மணியாக. விடை இருந்து அழிந்துபோனது என்ற எண்ணத்துக்கே அங்கே இடமில்லை. நாவலின் சாபத்தோடு வாதாடலாம். படத்தின் சாபத்தோடு முடியாது.

கேசட்டில் என்ன இருக்கிறது என்பதைச் சுசுகி பக்கம் பக்கமாக விவரிக்கிறார். ஏறக்குறைய ஒரு டஜன் துண்டுகள். எரிமலை சீறுகிறது. ஈயக் கிண்ணத்துக்குள் பகடைகள் உருள்கின்றன. ஒரு கிழவி வட்டார வழக்கில் ஏதோ எச்சரிக்கிறாள். பிறந்த குழந்தை ஒன்று கைகளில் வழுக்குகிறது. எண்ணற்ற முகங்கள் ‘பொய், பித்தலாட்டம்’ என்று கூச்சலிடுகின்றன. வியர்வை வழியும் ஓர் ஆணின் முகம் மிக அருகில் வருகிறது, அவன் தோளில் கடித்த காயம், ரத்தம். கடைசியில் வட்டமாக ஒரு துண்டு வானம், மேலிருந்து விழும் கற்கள்.

அசகாவாவோடு சேர்ந்து துப்பறியும் ரியூஜி இந்தத் துண்டுகளை இரண்டாகப் பிரிக்கிறார். சில மனத்தில் கற்பனை செய்தவை போல் இருக்கின்றன. சில நிஜமாக நடந்ததைப் பதிவு செய்தவை போல் இருக்கின்றன. இரண்டாவது வகையை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. ஒரு கணத்தின் சிறு பங்குக்குத் திரை முழுவதும் கறுப்பாகிறது, மீண்டும் தெளிகிறது. சற்று இடைவெளி விட்டு மறுபடி அதே கறுப்பு. பதிவுக் கருவியின் கோளாறு என்றுதான் யாரும் நினைப்பார்கள். ரியூஜி வேறொன்றைக் கேட்கிறார்: இது கண் இமைப்பதாக இருந்தால்? எத்தனை நொடிக்கு ஒருமுறை கறுக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறார்கள். கணக்கு மனிதக் கண்ணோடு பொருந்துகிறது. இந்தக் காட்சிகளை எந்தக் காமிராவும் எடுக்கவில்லை. யாரோ ஒருவர் தன் கண்ணால் கண்டவை நேரடியாகக் காந்தநாடாவில் ஏறியிருக்கின்றன. கற்பனைத் துண்டுகளில் கறுப்பு இல்லாததற்கும் இதுதான் காரணம், மனக்கண்ணுக்கு இமை கிடையாது.

பேய் எதுவும் தோன்றாமல், சத்தம் எதுவும் இல்லாமல், வெறும் தர்க்கத்தால் முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கும் பகுதி இது. இதன் விளைவு நாவல் முழுக்கப் பரவுகிறது. கேசட்டைப் பார்த்தவர் எல்லாருமே சில நிமிடங்கள் இன்னொருத்தியின் இமைகளுக்குப் பின்னால் இருந்திருக்கிறார்கள். அந்த வியர்வை வழிந்த ஆணின் முகம் யாரை நோக்கிக் குனிந்தது என்பது பின்னால் தெரியவரும்போது, முதல்முறை சாதாரணமாகப் படித்துக் கடந்த அந்த வரிகளுக்குத் திரும்பிப் போகாமல் இருக்க முடியாது.

படத்தின் திரைக்கதையை எழுதியவர் ஹிரோஷி தகாஹாஷி. இமைக் கணக்கு உட்பட துப்பறியும் அடுக்கு முழுவதையும் அவர் எடுத்துவிட்டார். அதற்குப் பதில் ரியூஜிக்கு அமானுஷ்ய உணர்திறனைக் கொடுத்தார். பிறரைத் தொட்டதும் கடந்தகாலம் தெரியும், அசகாவாவின் இடத்தில் வரும் நாயகி ரெய்கோவுக்கும் தரிசனங்கள் கிடைக்கும். ஆராய்ச்சியில் வரவேண்டிய உண்மைகள் காட்சிகளாக வந்து விழுகின்றன. குறுக்குவழிதான். ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும் படத்துக்கு அது தேவைப்பட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1995இல் ஃபுஜி தொலைக்காட்சி எடுத்த முதல் தழுவல் நாவலை இதைவிட நெருக்கமாகப் பின்பற்றியது. இன்று அதை ஆர்வலர்கள் மட்டுமே தேடிப் பார்க்கிறார்கள்.

படத்தின் கேசட்டில் நாவலின் துண்டுகள் ஒன்றிரண்டுதான் மிஞ்சியிருக்கின்றன. கிணற்றின் அடியிலிருந்து பார்த்த வானம் தொடக்கத்தில் ஒருகணம் வருகிறது. பிறகு கண்ணாடி முன் கூந்தல் வாரும் பெண், செய்தித்தாளில் புழுக்களாக நெளியும் எழுத்துகள், தலையில் துணி மூடி எங்கோ சுட்டிக்காட்டும் ஆண், ஒரு கண். கடைசிக் காட்சி கிணறு, வெளியே சற்றுத் தள்ளி நின்று பார்த்த கிணறு. நாவலின் கேசட் கிணற்றுக்குள்ளிருந்து வானத்தைப் பார்த்து முடிகிறது. படத்தின் கேசட் கிணற்றைப் பார்த்து முடிகிறது. அந்தக் கிணற்றிலிருந்து யாராவது வெளியே வந்தால் அவர் நம்மை நோக்கித்தான் வரவேண்டும். உச்சக்காட்சிக்கான இடம் இப்படித்தான் தயாரானது.

அதை எடுத்த முறை பலமுறை பேசப்பட்டது என்றாலும் இங்கே சொல்லியாக வேண்டும். சதாகோவாக நடித்த ரியே இனோ நாடகப் பயிற்சி பெற்றவர். காமிராவிலிருந்து பின்னோக்கி விலகி நடக்கச் சொல்லி எடுத்து, படச்சுருளைத் திருப்பி ஓட்டினார் நகாதா. பார்வையாளருக்கு அவள் முன்னோக்கி வருகிறாள், ஆனால் மூட்டுகள் தவறான வரிசையில் அசைகின்றன, உடலின் எடை தவறான காலில் விழுகிறது. என்ன தவறு என்று மூளை கண்டுபிடிப்பதற்குள் உடம்பு சில்லிட்டுவிடுகிறது. கூந்தலுக்கிடையே ஒருகணம் மிக அருகில் தெரியும் அந்தக் கண்ணும் இனோவுடையது இல்லை. படக்குழுவைச் சேர்ந்த ஓர் ஆண் உதவியாளர் இமை முடிகளைப் பிடுங்கிக்கொண்டு அந்த ஷாட்டுக்குக் கண் கொடுத்தார். நாவலில் இமைப்பே துப்பாக இருந்தது. படத்தில் இமை முடியே இல்லாத கண் நம்மை முறைக்கிறது. திட்டமிட்டு நேர்ந்த ஒற்றுமையாக இருக்க வாய்ப்பில்லை, இருந்தும் இரண்டு படைப்புகளின் வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இந்த உருவம் வெறுமையிலிருந்து வந்ததும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் நோரியோ ட்சுருதா போன்றவர்கள் வீடியோ சந்தைக்காக மலிவான செலவில் எடுத்த ‘உண்மைப் பேய்க்கதை’த் தொகுப்புகளில் ஒரு புதிய இலக்கணம் உருவாகியிருந்தது. அவற்றுக்குத் திரைக்கதை எழுதிய சியாகி கொனாகாவின் பெயரால் அதைக் கொனாகா கோட்பாடு என்று அந்த வட்டத்தில் அழைத்தார்கள். பேயின் முகத்தைத் தெளிவாகக் காட்டாதே, அதைப் பேசவிடாதே என்பன போன்றவை அதன் விதிகள். தகாஹாஷியும் நகாதாவும் அந்தச் சூழலில் பயின்றவர்கள். 1996இல் இருவரும் சேர்ந்து, ஒரு படப்பிடிப்புத் தளத்தில் பழைய படச்சுருளில் தோன்றும் பெண்பேயைப் பற்றி ஒரு படம் செய்திருந்தார்கள். இன்னும் பின்னோக்கிப் போனால் எடோ காலத்துப் பேய்கள் நிற்கின்றன. 1825இல் மேடையேறிய நன்போகுவின் ‘யோட்சுயா’ கபுகி நாடகத்தில் கணவனின் துரோகத்தால் நஞ்சூட்டப்பட்டு, கூந்தல் வாரும்போது முடி கொத்துக் கொத்தாக உதிரும் ஓய்வா. தட்டு ஒன்று காணாமற்போன பழிக்குக் கொல்லப்பட்டுக் கிணற்றில் எறியப்பட்டு, இரவுதோறும் தட்டுகளை எண்ணும் ஓகிகு. நவீன வீடியோ கேசட்டுக்குள் நகாதா அழைத்து வந்தது இந்தப் பழிவாங்கும் பெண்களின் வரிசையைத்தான். ஜப்பானியப் பார்வையாளர் சதாகோவைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டார். வெளிநாட்டுப் பார்வையாளருக்கு அந்த வரிசை தெரியாது, அதனாலேயே இன்னும் புதிதாக, இன்னும் பயங்கரமாக இருந்தாள்.

சுசுகிக்குப் பேய் வரிசையில் அக்கறை இல்லை. அவருடைய சதாகோவின் வேர் அறிவியல் வரலாற்றின் ஓர் இருண்ட மூலையில் இருக்கிறது. டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்த டோமோகிச்சி ஃபுகுராய், 1910இல் சிசுகோ மிஃபுனே என்ற பெண்ணின் ஞானதிருஷ்டியை அறிஞர்கள் முன் சோதித்தார். சோதனையின் நம்பகத்தன்மை பற்றிக் கேள்விகள் எழுந்தன, பத்திரிகைகள் சூழ்ந்தன. மறு ஆண்டின் தொடக்கத்தில் அந்தப் பெண் நஞ்சருந்தி இறந்தாள். வயது 24. மனத்தால் ஒளிப்படத் தகட்டில் உருவம் பதிப்பதாகச் சொல்லப்பட்ட இகுகோ நாகாவோ என்பவரும் கடும் விமர்சனத்துக்கு நடுவே அதே ஆண்டில் நோயால் இறந்தார். ஃபுகுராய் 1913இல் வெளியிட்ட நூலில் சதாகோ தகாஹாஷி என்ற மூன்றாவது பெண்ணின் சோதனைகளும் இடம்பெற்றன. அதன் பிறகு அவர் பல்கலைக்கழகத்தில் நீடிக்க முடியவில்லை. நாவலில் சதாகோவின் தாய் பெயர் ஷிசுகோ. அவளைச் சோதிக்கும் அறிஞர் இகுமா. சதாகோவைக் கொல்பவனின் குடும்பப் பெயர் நாகாவோ. மனத்தால் பதிக்கும் திறன் ஒளிப்படத் தகட்டிலிருந்து வீடியோ நாடாவுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே. கூச்சலிடும் முகங்கள் எதற்காகக் கேசட்டில் இருந்தன என்பதும் இங்கே விளங்குகிறது. இசு ஓஷிமா தீவில் பிறந்த ஷிசுகோ, பழிச்சொல் தாங்காமல் அங்குள்ள மிஹாரா எரிமலையில் குதித்துச் சாகிறாள்.

சதாகோவின் கதை அதைவிடக் கொடியது. காசநோயால் பீடிக்கப்பட்ட தந்தை இகுமாவைப் பார்க்க அவள் 1966இல் தெற்கு ஹாகோனே சானடோரியத்துக்குப் போகிறாள். அங்கே மருத்துவராக இருந்த நாகாவோ ஜோதாரோ அவளை வன்புணர்கிறான். அந்த நேரத்தில் அவன் உடலில் பெரியம்மை குடியிருக்கிறது. ஜப்பானின் கடைசிப் பெரியம்மை நோயாளி அவன்தான் என்கிறது நாவல். வன்புணர்ச்சியின்போது அவள் உடல் வழக்கமான பெண்ணுடல் அல்ல என்று கண்டுகொள்கிறான். குரோமோசோம்கள் ஆணுக்குரியவை, புறத்தோற்றம் முழுதும் பெண். ஆண் ஹார்மோனை உடல் ஏற்காததால் வரும் நிலை இது, உண்மையில் மனிதர்களிடம் காணப்படுவது. அவளைக் கழுத்தை நெரித்துக் கிணற்றில் வீசுகிறான், மேலிருந்து கற்களைப் போடுகிறான். பிற்காலத்தில் அந்தக் கிணற்றின் மேல்தான் பி-4 எழும்புகிறது. பிள்ளை பெற முடியாத ஒருத்தியின் வெஞ்சினமும், 1980 மே மாதத்தில் உலகச் சுகாதார அமைப்பால் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட வைரஸின் பெருகும் வெறியும் கிணற்றுக்குள் ஒன்றாகின்றன. அம்மை நோயை ஓர் அம்மனின் சினத்தோடு சேர்த்தே நினைத்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இந்த இணைப்பு அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

கேசட்டுக்கான மாற்று மருந்து இதிலிருந்து தானாக வருகிறது. எலும்புகளை எடுத்து ஊருக்குக் கொண்டுபோய் ஒப்படைத்தால் பேய் அமைதியாகும் என்று பழைய கதை மரபை நம்பி அசகாவாவும் ரியூஜியும் கிணற்றுக்குள் இறங்குகிறார்கள். அசகாவா பிழைக்கிறார். மறுநாள் ரியூஜி சாகிறார். அசகாவா செய்து ரியூஜி செய்யாதது என்ன? கேசட்டைப் பிரதி எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தது. வைரஸுக்கு நீதி வேண்டாம், பெருக்கம் போதும். ஜேவிசி நிறுவனம் 1976இல் விஎச்எஸ் முறையை அறிமுகம் செய்தபின் ஒவ்வொரு வீட்டிலும் பிரதி எடுக்கும் கருவி வந்து உட்கார்ந்திருந்தது. அதற்குள் ஒரு கிருமியின் வாழ்க்கைச் சுழற்சியைப் பொருத்திப் பார்த்தது சுசுகியின் உண்மையான கண்டுபிடிப்பு.

படமும் இதே முடிச்சைத்தான் பயன்படுத்துகிறது. ரியூஜி இறந்தபின் தலையில் துணி மூடிய உருவம் தோன்றி நாயகியின் பையைச் சுட்ட, உள்ளேயிருக்கும் பிரதியை அவள் காண்கிறாள். ஆனால் வைரஸ் இல்லை, நாகாவோ இல்லை, வன்புணர்ச்சி இல்லை, சதாகோவின் உடலைப் பற்றிய செய்தி இல்லை. படத்தில் அவளைத் தாக்கிக் கிணற்றில் தள்ளுபவர் இகுமாவே. ஏன் கொன்றார் என்பதற்கும் ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது: சதாகோ சிறுமியாக இருந்தபோதே, தாயைப் பித்தலாட்டக்காரி என்று தூற்றிய பத்திரிகையாளரை நினைப்பாலேயே கொன்றவள். அவளுடைய தந்தை மனிதராகவே இல்லாமலிருக்கலாம் என்றும் ஒரு வசனம் வருகிறது. ஆக, பிறப்பிலேயே கொல்லும் சக்தி அவளிடம் இருந்தது, அஞ்சியவர் அவளை ஒழித்தார்.

இந்த மாற்றத்தைத் திரைக்கதைச் சிக்கனம் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. குற்றத்துக்கு ஆளானவள் குற்றம் செய்பவளாகப் பிறந்தாள் என்று ஆகிவிடுகிறது. ரெய்கோ கிணற்றின் அடியில் நீருக்குள் மண்டையோட்டை அணைத்துக்கொள்ளும் காட்சி உண்மையிலேயே நெகிழ வைப்பது. அந்த நெகிழ்ச்சிக்கு அடியில் ஓர் இடைவெளி இருக்கிறது, எதற்காக அவள்மீது இரங்குகிறோம் என்பதற்குப் படம் சொல்லும் காரணம் போதவில்லை.

நாவலையும் தூய்மையானது என்று நான் சொல்லவில்லை. வன்புணர்ச்சியை நாம் கேட்பது குற்றவாளியின் வாயால். அடாமியில் மருத்துவமனை நடத்திக்கொண்டு மரியாதையாக வாழும் நாகாவோவை அசகாவாவும் ரியூஜியும் தேடிப் போகிறார்கள். அசகாவாவுக்கு அந்த முகம் ஏற்கெனவே தெரியும், கேசட்டில் வியர்வையோடு குனிந்த முகம். ரியூஜி அவனைக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்து உண்மையைக் கறக்கிறார். அவன் பேசும் வரிகளில் சதாகோவின் உடல் ஒரு விந்தைப் பொருளாக, காட்சிப் பொருளாக வருகிறது. நாவலாசிரியரும் அந்த வியப்பிலிருந்து முழுதாக விலகி நிற்கவில்லை. இடைப்பாலினத்தவரின் உடலைத் திகிலுக்கான துணுக்காகப் பயன்படுத்தியிருப்பது இன்று படிக்கையில் கூசுகிறது. ரியூஜியே இளமையில் வன்புணர்ச்சி செய்ததாகப் பெருமையடித்துக்கொள்பவர். அது பொய்யாக இருக்கலாம் என்று இறுதியில் மாய் வழியே ஒரு குறிப்பு வருகிறது, ஆனாலும் வாசகரின் வாயில் கசப்பு நிற்கிறது. இத்தனைக்கும் பிறகு ஒன்று மிஞ்சுகிறது. நாவல் அந்தக் குற்றத்துக்குப் பெயர் கொடுக்கிறது, செய்தவனுக்கு முகவரி கொடுக்கிறது, பாதிக்கப்பட்டவளின் கண்வழியே அதைப் பார்க்க வைக்கிறது. படம் இந்தச் சேற்றில் கால் வைக்க மறுத்தது. சுத்தமாக வெளியேறியது, சதாகோவின் வழக்கையும் சேர்த்தே விட்டுவிட்டு.

நாயகனைப் பெண்ணாக மாற்றியதும் இப்படியே இரு முனைகள் கொண்டது. அசகாவா, மனைவி மகளுக்கு நேரம் ஒதுக்காத உழைப்பாளி. ஓயாமல் ஓடுபவர், வியர்ப்பவர், பயந்தாங்கொள்ளி. குழந்தை வளர்ப்பைத் தானே செய்த எழுத்தாளர் இப்படியொரு தந்தையைப் படைத்ததில் கூர்மையான விமர்சனம் இருக்கிறது. கவனக்குறைவாகக் கேசட்டை வீட்டில் போட்டுவைக்கிறார், மனைவியும் கைக்குழந்தையும் பார்த்துவிடுகிறார்கள். படத்தின் ரெய்கோ தொலைக்காட்சி நிருபர், ரியூஜியை விவாகரத்து செய்தவர், யோய்ச்சி என்ற சிறுவனைத் தனியாக வளர்ப்பவர். நனாகோ மட்சுஷிமாவின் முகத்தில் அந்தக் களைப்பு இருக்கிறது. ரியூஜி குழந்தையின் தந்தை ஆனதால் கதையின் முடிச்சுகள் எல்லாம் ஒரு குடும்பத்துக்குள் வந்துவிடுகின்றன, படம் இறுகுகிறது. வேலைக்குப் போகும் தாய் கவனிக்காத நேரத்தில் பிள்ளை கேசட்டைப் பார்க்கிறான் என்பதில் அவளைக் குற்றம் சொல்லும் ஒரு தொனியும் ஒட்டிக்கொள்கிறது. நாவலில் தந்தைமீது விழுந்த அதே குற்றச்சாட்டு படத்தில் தாய்மீது விழும்போது புதிய விமர்சனமாக இல்லாமல் பழைய வசையாக ஒலிக்கிறது.

முடிவில் இரண்டு பேரும் காரை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். அசகாவா வீடியோ டெக்கை ஏற்றிக்கொண்டு மாமனார் வீட்டுக்கு. மனைவியையும் மகளையும் காப்பாற்றப் பிரதிகளை மாமனாருக்கும் மாமியாருக்கும் காட்டியாக வேண்டும். தன் வீட்டு இரண்டு உயிர்களுக்காக உலகத்தின்மீது ஒரு கொள்ளைநோயை அவிழ்த்துவிடுகிறோம் என்பது அவருக்குத் தெரியும். சுசுகி அதை அவர் மனத்தில் வெளிப்படையாகவே ஓடவிடுகிறார். ரெய்கோ ஓட்டுவது தன் தந்தையின் வீட்டுக்கு, பேரனுக்காக ஓர் உதவி கேட்க. நகாதா அவளுடைய மனத்தைத் திறப்பதில்லை. முகம், சாலை, கருத்த வானம், பின்னணியில் இந்த வதந்தியைப் பேசும் பிள்ளைகளின் குரல்கள், அவ்வளவே. இந்த ஓரிடத்தில் படம் நாவலை வென்றுவிட்டது என்பது என் முடிவு. மாமனாரைப் பலிகொடுப்பதைவிடப் பெற்ற தந்தையைப் பலிகொடுக்கப் போவது கனமானது. அதை விளக்காமல் விட்டது இன்னும் கனமானது.

பின்கதை விசித்திரமானது. 1995இல் சுசுகி எழுதிய இரண்டாம் நாவல் ‘ராசென்’. அதில் அசகாவாவின் மனைவியும் மகளும் இறந்தேவிட்டார்கள் என்று தெரிகிறது. பிரதி எடுத்தது அவர்களைக் காப்பாற்றவில்லை, வைரஸ் உருமாறியிருக்கிறது. ரியூஜியின் உடலைப் பிணக்கூறாய்வு செய்யும் மருத்துவர் பெரியம்மையை ஒத்த கிருமியைக் காண்கிறார். இனிக் கேசட் தேவையில்லை. அசகாவா எழுதிவைத்த அறிக்கையே கிருமியைச் சுமக்கிறது, அது புத்தகமாக அச்சேறப் போகிறது, படமாகவும் எடுக்கப் போகிறார்கள். எழுத்திலிருந்து திரைக்குத் தாவுவதை நோய் பரவும் வழியாக எழுதியவர் சுசுகி, அதுவும் நகாதாவின் படம் வருவதற்கு மூன்றாண்டு முன்பு.

‘ராசென்’ நாவலும் படமானது. ஜோஜி ஈடா இயக்கிய அந்தப் படம் நகாதாவின் ‘ரிங்’ வெளியான அதே நாளில், அதனுடன் சேர்த்தே திரையிடப்பட்டது. வைரஸ், பிணக்கூறாய்வு, மறுபிறப்பு என்று நாவலின் பாதையில் போனது. மக்கள் முதல் படத்துக்குத் திரண்டார்கள், இரண்டாவதை ஒதுக்கினார்கள். தயாரிப்பாளர்கள் அதைத் தொடர்ச்சியாகக் கணக்கில் வைக்காமல் நகாதாவைக் கொண்டே 1999 ஜனவரியில் ‘ரிங் 2’ எடுத்தார்கள். கொர் வெர்பின்ஸ்கியின் அமெரிக்க ‘தி ரிங்’ 2002இல் வந்து உலகெங்கும் ஏறத்தாழ 25 கோடி டாலர் வசூலித்தது. அதற்கு மூலமாக இருந்தது நாவலைவிடவும் நகாதாவின் படம்தான், அங்கேயும் கிணறு உண்டு, கூந்தல் உண்டு, பெரியம்மை இல்லை. சுசுகியின் நாவல் ஆங்கிலத்தில் கிடைத்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான். ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலோர் சதாகோவை முதலில் எதிரே நின்று பார்த்தார்கள், பிறகுதான், அதுவும் சிலர் மட்டும், அவள் கண்ணால் பார்த்தார்கள்.

படத்தைப் பார்த்தாகிவிட்டது, இனி நாவல் எதற்கு என்று நினைப்பவர்கள் கேசட்டை விவரிக்கும் பக்கங்களையும் அடாமி மருத்துவமனைப் பகுதியையும் அடுத்தடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும். சதாகோ கடைசியாகப் பார்த்த முகம் யாருடையது என்பது அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.